போட்டோ அட்டை இல்லாவிட்டால் ஓட்டு இல்லையா?

விடுதி மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது ஆரம்பித்த சண்டை இது. அறை நண்பன் சொன்னான்: "சிம் கார்டு வாங்கவே போட்டோ ஐடி கேக்குறான். ரயில்ல டிடிஆர் கேக்குறார். ஓட்டுக்கு மட்டும் என்ன இத்தனை வாதம்? அட்டை இருந்தா போடு, இல்லேன்னா வீட்டுக்குப் போ, அவ்ளோதான்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டு தோசையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் உறுத்தியது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் வேறு எதையாவது படிப்பது என் பழக்கம் என்று இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த முறை அகப்பட்டது வாக்காளர் அட்டையின் வரலாறு. படித்த பிறகு நண்பனோடு ஒத்துப்போக முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. அட்டையே இல்லாத காலத்தில் வாக்குச்சாவடியில் ஆளை எப்படி அடையாளம் கண்டார்கள்?

பதில் ரொம்ப எளிது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை வைத்துத்தான். வாக்குச்சாவடிக்குள் போனால் முதல் அதிகாரி உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். ஏன் உரக்க? அங்கே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் காதில் விழ வேண்டும் என்பதற்காக. ஏஜெண்டு பெரும்பாலும் அதே ஊர்க்காரர். "இது அவர் இல்லையே, அவர் போன மாசமே செத்துப்போயிட்டாரே" என்று சொல்லக்கூடியவர். சந்தேகம் என்றால் அவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இரண்டே ரூபாய்! 1961-ஆம் வருட விதி இது. ஆட்சேபணை சும்மா கிளப்பியது என்று தெரிந்தால் அந்தப் பணம் போச்சு.

இன்னொரு காவல் விரல் மை. 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே மை உண்டு. அந்தத் தேர்தலில் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் குப்பி மை செலவானதாகக் கணக்கு இருக்கிறது. 1962-இல் இருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கிறது. சில்வர் நைட்ரேட் கலந்த மை, தோலில் பட்டு வெயில் பார்த்தால் கருத்துவிடும். (பப்பாளிப் பால் தடவினால் போய்விடும், தீக்குச்சி மருந்து தேய்த்தால் போய்விடும் என்று ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நான் முயன்று பார்க்கவில்லை.)

மை ஒருவர் இரண்டு முறை போடுவதைத் தடுக்கும். ஒருவர் பெயரில் இன்னொருவர் போடுவதைத் தடுக்காது. நம்மூர் பாஷையில் கள்ள ஓட்டு. நீங்கள் போகும்போது உங்கள் ஓட்டை ஏற்கனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். 2018-இல் 'சர்கார்' படம் வந்த பிறகு 49பி என்ற எண்ணை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் அல்லவா, அதுதான். ஆனால் அந்தச் சீட்டு சாதாரண எண்ணிக்கையில் சேராது, உறைக்குள் தூங்கும். எப்போது எழுந்திருக்கும் என்றால், 2008 ராஜஸ்தான் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் (62,216-க்கு 62,215) தோற்றாரே, அந்த மாதிரி சமயத்தில். அந்த உறைச் சீட்டுகளை எண்ணலாமா கூடாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆக கள்ள ஓட்டு கற்பனை இல்லை, நிஜமான நோய். என் நண்பனின் கோபத்திலும் அர்த்தம் இருக்கிறது. மருந்து எப்படி வந்தது என்று பார்ப்போம்.

அட்டைக்குப் போவதற்கு முன் பட்டியலைப் பற்றி ஒரு விஷயம். முதல் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதப் போனவர்கள் வட மாநிலங்களில் ஒரு சிக்கலில் மாட்டினார்கள். பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. அதனால் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று எழுதி வந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயரைச் சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுத்தார். அப்படியும் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மொத்தப் பட்டியல் 17 கோடியே 32 லட்சம் பேர். அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அது பெருமளவு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முதல் தேர்தலில் அந்த 28 லட்சம் பேருக்கு ஓட்டு இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

புகைப்பட அட்டை சேஷன் கண்டுபிடித்தது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. 1958-லேயே அடையாள அட்டைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். 1960 மே மாதம் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல். (ஜெயித்தவர் இந்திரஜித் குப்தா, பின்னாளில் உள்துறை அமைச்சர் ஆனவர்.) அங்கே வெள்ளோட்டம் விட்டார்கள். சுமார் 3.42 லட்சம் வாக்காளர்கள். பத்து மாதம் வீடு வீடாகப் படம் பிடித்தும் கிட்டத்தட்ட 2.10 லட்சம் பேருக்குத்தான் அட்டை கொடுக்க முடிந்தது. எட்டுப் பேரில் மூன்று பேருக்கு இல்லை.

காரணம் என்ன? போன சமயத்தில் ஆள் வீட்டில் இல்லை என்பது ஒன்று. பெண்கள் பலர் படம் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள் என்பது இன்னொன்று. படம் பிடிக்கப் பெண்களையே அனுப்பினாலும் மறுத்தார்கள். ஒன்பது வருடம் முன்னால் பெயரைக் கேட்டபோது சொல்ல மறுத்தவர்கள் வடக்கே. இப்போது முகத்தைக் கேட்டபோது காட்ட மறுத்தவர்கள் கல்கத்தாவில். அதுவும் பெருநகரத்தில் இந்தக் கதி என்றால் கிராமத்தில் என்ன ஆகும்? செலவையும் பார்த்துவிட்டு திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். 1979-இல் சிக்கிமில் மறுபடி எடுத்தார்கள். அப்புறம் அஸ்ஸாம், மேகாலயா, நாகாலாந்து. எல்லாம் எல்லைப்புற மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள். "நீ அந்த ஆள்தானா" என்ற கேள்வியோடு "நீ இந்த நாட்டு ஆள்தானா" என்ற கேள்வியும் அப்போதே ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் சந்தேகம்.

இனி நம்ம டி.என். சேஷன். பாலக்காட்டில் பிறந்தவர், தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். சென்னையில் போக்குவரத்துத் துறை இயக்குநராக இருந்தபோது பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு, பயணிகளோடு பஸ்ஸை ஓட்டியே காட்டினவர். 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். அவரைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும், அட்டையோடு நிறுத்துகிறேன்.

1993 ஆகஸ்டில் உத்தரவு போட்டார்: நாடு முழுக்க வாக்காளர்களுக்குப் புகைப்பட அட்டை. 1995 ஜனவரி 1-க்குப் பிறகு அட்டை கொடுக்காத மாநிலத்தில் தேர்தல் கிடையாது. நாடே அதிர்ந்தது. செலவு யார் தலையில் என்று மத்திய அரசும் மாநிலங்களும் முறைத்துக்கொண்டன. பீகாரில் லாலு பிரசாத் யாதவ், ஏழை மாநிலத்தில் இத்தனை கோடிப் பேருக்கு அட்டை உடனே எப்படி என்று மல்லுக்கட்டினார். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. கடைசியில் அட்டை முழுதாகக் கொடுக்காமலேயே 1995-இல் பீகாரிலும் ஒரிசாவிலும் தேர்தல் நடந்தது.

சேஷன் பக்தர்கள் கோபிக்கக்கூடாது. மிரட்டாமல் இருந்திருந்தால் அட்டை இன்னும் இருபது வருடம் கிடப்பில் கிடந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மிரட்டலில் ஒரு தப்பு இருக்கிறது. அட்டை கொடுக்க வேண்டியது அரசாங்கம். கொடுக்காததற்குத் தண்டனை வாக்காளனுக்கா? ரேஷன் கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை என்பதற்காக நம் கார்டைக் கிழிப்பது மாதிரி இருக்கிறது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சத்தமில்லாமல் வேறு வழியில் போனார்கள், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2000-இல் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் முதல்முறையாக அடையாளம் காட்டுவது கட்டாயம் ஆனது. ஆனால் 'இந்த அட்டைதான்' என்று சொல்லவில்லை. அட்டை இல்லையா, வேறு ஆவணம் ஏதாவது காட்டு என்றார்கள். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் மாற்றாக 12 ஆவணங்கள் இருந்தன: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், பான், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக், ஓய்வூதியப் புத்தகம் இப்படி. நூறு நாள் வேலை அட்டையைப் பட்டியலில் சேர்த்த அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. பாஸ்போர்ட் எடுத்தே இராத ஆட்களை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அட்டை இலவசம். படம் எடுக்க ஊருக்கே வந்தார்கள். வீடில்லாமல் தெருவோரம் தூங்குகிறவர் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால் முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொன்ன இடத்தில் உண்மையில் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று ஆணையத்தின் விதி சொல்கிறது. முதல்முறை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓட்டர் பின்னால் அரசாங்கம் நடக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மற்ற நாடுகளைப் பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 2005-இல் புகைப்பட அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. வழக்கு போட்டார்கள். 2008-இல் அங்கே உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று சட்டத்தை ஏற்றது. வேடிக்கை என்ன தெரியுமா? தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸே, இந்தியானா வரலாற்றில் ஒருவர் பெயரில் இன்னொருவர் நேரில் வந்து ஓட்டுப் போட்டதற்கு வழக்கில் ஆதாரம் எதுவும் இல்லை என்றும் குறிப்பிட்டார். தீர்ப்பு வந்த அடுத்த வாரமே ஒரு தேர்தல். சவுத் பெண்டு என்ற ஊரில் மடத்தில் இருந்த சுமார் பன்னிரண்டு வயதான கன்னியாஸ்திரிகள் ஓட்டுப் போட முடியாமல் திரும்பினார்கள். கார் ஓட்டுவதில்லை, லைசென்ஸ் இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பியதும் அதே மடத்துக் கன்னியாஸ்திரிதான், வாக்குச்சாவடிப் பணியில் இருந்தார். தினமும் பார்க்கிற முகம், ஆனால் சட்டப்படி யாரென்று தெரியாது!

டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேல். 2011-இல் அங்கே நிறைவேறிய சட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் காட்டினால் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. (தோழர்களே, நம் கல்லூரி அட்டையை நினைத்துக்கொண்டேன்.) எந்த அட்டை செல்லும் என்று முடிவு செய்கிறவருக்கு யார் ஓட்டுப் போடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரமும் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது.

பிரிட்டனில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில்தான் இங்கிலாந்துக்கு இது முதலில் வந்தது. வாக்குச்சாவடி வரை வந்து ஓட்டுப் போடாமல் போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று அந்த நாட்டுத் தேர்தல் ஆணையமே சொன்னது. அங்கேயும் முதியோர் பஸ் பாஸ் செல்லும், இளைஞர் பாஸ் செல்லாது. அடுத்த வருடம், இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனே அட்டையை மறந்துவிட்டுப் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

நம் நாட்டிலும் முகப் பிரச்சினை 1960-உடன் முடிந்துவிடவில்லை. பட்டியலிலேயே படம் அச்சிடும் முறை வந்தபோது, முகம் மூடும் வழக்கமுள்ள முஸ்லிம் பெண்களின் படம் கட்சி ஏஜெண்டுகள் கையில் போகுமே என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2006-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதிகள், முகம் தெரியாத படத்தை வைத்து எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். அதே சமயம் சாவடியில் பெண் அதிகாரி, தனி மறைப்பு என்ற ஏற்பாடும் விதியில் இருக்கிறது. முழுத் தீர்வு இல்லை. ஆனால் 1951-இல் மாதிரி மொத்தமாக வெட்டிப் போடுவதைவிட இது மேல்.

அட்டை வந்தபின் கள்ள ஓட்டு ஒழிந்ததா? குறைந்தது. ஒழியவில்லை. 2006 அக்டோபர் சென்னை மாநகராட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். அட்டை பரவலாக வந்த பிறகு நடந்ததுதான். வன்முறை, சாவடிகளைக் கைப்பற்றினார்கள் என்ற புகார், உயர் நீதிமன்ற வழக்கு, கடைசியில் 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடி ஓட்டுப்பதிவு. சாவடியையே பிடித்துவிட்டால் யார் அட்டையை யார் பார்ப்பது?

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் எல்லாரும் செய்கிற ஒரு தவறு, அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைப்பது. கிடையவே கிடையாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. அட்டை 'இது நான்தான்' என்று சொல்லும். 'எனக்கு ஓட்டு உண்டு' என்று சொல்வது பட்டியல். 2018 டிசம்பரில் தெலுங்கானா தேர்தலன்று அட்டையும் கையுமாக வந்த ஏராளமானோர் பெயர் இல்லை என்று திரும்பினார்கள். பாட்மின்டன் வீராங்கனை ஜ்வாலா கட்டாவும் அதில் ஒருவர். 2015-இல் ஆதாரை வைத்துப் பட்டியலைச் 'சுத்தம்' செய்யத் தொடங்கி, உச்ச நீதிமன்ற உத்தரவால் பாதியில் நிறுத்தினார்கள் அல்லவா, அந்தச் சுத்தத்தில்தான் பல பெயர்கள் போயின என்று அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியுமா?

அதன்பின் 2025 பீகார். ஜூன் 24-ஆம் தேதி தீவிரத் திருத்தம் அறிவித்தார்கள். 2003 பட்டியலில் இல்லாதவர்கள் தகுதியைக் காட்ட 11 ஆவணங்கள் குறித்தார்கள். அதில் ஆதார் இல்லை, ரேஷன் அட்டை இல்லை. சேஷன் இதே பீகாரோடு மல்லுக்கட்டிக் கொடுக்க வைத்த வாக்காளர் அட்டையும் இல்லை!

ஆணையம் சொன்ன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. அட்டை பட்டியலிலிருந்து பிறந்தது, பட்டியலையே சோதிக்கும்போது அதைச் சான்றாக எப்படி எடுப்பது என்றார்கள். தர்க்கம் பிசகவில்லை. ஆனால் முப்பது வருடம் "இதைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, தேர்தலுக்குச் சில மாதம் முன்னால் "இது போதாது" என்றால், கூலி வேலைக்குப் பஞ்சாபுக்கோ திருப்பூருக்கோ போனவன் என்ன செய்வான்? ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. செத்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்றது ஆணையம். காரணத்தோடு அந்தப் பெயர்களை வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பரில் ஆதாரையும் பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கச் சொன்னது. 7.89 கோடியாக இருந்த பட்டியல் கடைசியில் 7.42 கோடியில் நின்றது. நீக்கியதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் முன்பு அரசாங்கம் வாக்காளர் பின்னால் நடந்தது, இப்போது வாக்காளர் அரசாங்கத்தின் பின்னால் நடக்கிறார். நண்பனிடம் நான் சொல்ல விரும்பியது இதைத்தான், மெஸ் வரிசையில் வாயில் வரவில்லை.

2025 நவம்பரில் நம் தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. படிவத்தில் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பெயரோ எங்கே என்று கேட்டிருந்தது. நெல்லைப் பக்கம் எங்கள் ஊரில் ஆச்சிக்குப் படிவம் நிரப்பியது நான்தான். அவள் 1967-இலிருந்து ஓட்டுப் போடுகிறவள். டிரங்குப் பெட்டியிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து வந்தாள், பிளாஸ்டிக் பை, அதற்குள் துணி, அதற்குள் அட்டை. "இதுல எல்லாம் இருக்குல்லாய்யா, இதைப் பாத்து எழுதிரு" என்றாள்.

அட்டையைப் பார்த்து எழுத முடியவில்லை. பழைய பட்டியலில் தேட வேண்டும். 2008-இல் தொகுதி எல்லைகள் மாறியதால் அந்தப் பட்டியல் வேறு தொகுதிப் பெயரில் இருந்தது. இரண்டு ராத்திரி செல்போனில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அட்டையில் உள்ள பெயரில் யாரும் இல்லை. தாத்தா பெயர் கிடைத்தது, பக்கத்து வரிசையில் கணவர் பெயர் தாத்தா, மனைவி பெயர் மட்டும் நான் கேள்விப்படாத ஒன்று.

ஆச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது எங்க அய்யா எனக்கு வச்ச பேரு. கல்யாணமாகி வந்தப்போ இங்க மாமியாருக்கும் அதே பேரு. அதனால மாத்திக் கூப்பிட்டாங்க. எழுத வந்தவன்கிட்ட எந்தப் பேரைச் சொன்னேனோ, யாருக்குத் தெரியும்."

தாத்தா பெயர், வயது, வீட்டு எண் மூன்றும் ஒத்துப்போனதால் அந்த வரிசையைக் குறிப்பிட்டு, அலுவலரிடம் விளக்கிச் சொல்லிக் கொடுத்தோம். டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஆச்சி பெயர் இருந்தது. போனில் சொன்னேன். "எந்தப் பேரு போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.